சப்பாத்தைக் கழற்றிவைத்த கொலைகாரன்

என் படத்தின் முதல் காட்சியில் யாரும் வாயைத் திறக்கக் கூடாது. நான் கேட்டது அவ்வளவுதான். பொன்னைக் கேட்டேனா, பொருளைக் கேட்டேனா? மூன்று நிமிடம் பேசாமல் இருங்கள் என்று கேட்டேன். நம் ஆட்களிடம் அதைக் கேட்பதற்குக் கிந்தா ஆற்றைக் கொஞ்சம் திரும்பி ஓடச் சொல்லிக் கேட்டிருக்கலாம்.

நான் ஈப்போவில் கல்யாண வீடியோ எடுக்கிறவன். தாலி கட்டுவது, மாப்பிள்ளை கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு காரில் சாய்ந்து நிற்பது, பெண் வீட்டார் அழுவது, பையன் வீட்டார் சாப்பாட்டைக் குறை சொல்வது, எல்லாம் எடுத்தாயிற்று. "கொஞ்சம் சிரிங்க, இன்னும் கொஞ்சம் சிரிங்க" என்று சொல்லிச் சொல்லித் தொண்டை வறண்டுவிட்டது. வாழ்க்கையில் ஒரு தடவையாவது யாரையாவது பயமுறுத்த வேண்டும் என்பது என் ஆசை. ஒரு திகில் படத்துக்குக் கதை எழுதி வைத்துக்கொண்டு, யாரிடம் காட்டுவது என்று தெரியாமல் வருடக்கணக்கில் அலைந்தேன்.

கடைசியில் கோலாலம்பூரில் தமிழ்ப் படங்கள் வாங்கும் கம்பெனிக்காரர் ஒருவர் கிடைத்தார். கதையை அனுப்பினேன். படித்தாரா இல்லையா என்பது அவருக்கும் கடவுளுக்கும் வெளிச்சம். போன் போட்டு, "தம்பி, கதையெல்லாம் எல்லாரும் நல்லாத்தான் எழுதுறாங்க. ஓப்பனிங் சீன மட்டும் எடுத்துக் காட்டுங்க. அதுல எனக்குப் பயம் வந்துச்சுன்னா படம் உங்களுக்கு" என்றார். ஆக, மூன்று நிமிடம்தான். அதில் அவர் பயந்தால் நான் இயக்குநர். பயப்படாவிட்டால் அடுத்த முகூர்த்தத்துக்குக் கேமராவைத் தூக்கிக்கொண்டு மண்டபத்துக்குப் போக வேண்டியதுதான்.

பயம் எப்படி உண்டாகிறது என்று எனக்குத் தெரியும். தெரியும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். பார்த்த திகில் படங்களின் முதல் காட்சிகளைத் திரும்பத் திரும்ப ஓடவிட்டு, எந்த இடத்தில் என் கை தலையணையைப் பிடிக்கிறது என்று கவனித்திருக்கிறேன். கத்தியைக் காட்டும்போது பிடிப்பதில்லை. அதற்கு ரொம்ப முன்னாலேயே பிடித்துவிடுகிறது. திரையின் ஒரு ஓரத்தில் ஆளை நிறுத்திவிட்டு மறு பாதியைச் சும்மா காலியாக விட்டால் போதும், நம் கண் அந்தக் காலி இடத்தையே துழாவ ஆரம்பித்துவிடும். ஷாட்டை வெட்ட வேண்டிய நேரத்தில் வெட்டாமல் இன்னும் கொஞ்சம் ஓடவிட்டால், 'ஏன் வெட்டவில்லை, என்ன வரப்போகிறது' என்று நாமே கேட்டுக்கொள்வோம். சத்தத்தை முதலில் கொடுத்து ஆளைப் பிறகு காட்ட வேண்டும். முகத்தைக் காட்டவே கூடாது. எல்லாவற்றையும்விட முக்கியம், பார்க்கிறவனுக்குத் தெரிந்த ஆபத்து திரையில் இருப்பவளுக்குத் தெரியக் கூடாது.

இவ்வளவையும் போட்டு என் காட்சியை அமைத்தேன். செம்பனை மரங்களுக்கு நடுவே ஒருவன் மோட்டார் சைக்கிளை நிறுத்துகிறான். தலையில் முகம் மூடிய ஹெல்மெட். இறங்கி, நம்பர் பிளேட்டின் மேல் ஒரு பழைய துணியைக் கட்டுகிறான். ஆளைப் பற்றிப் பார்க்கிறவனுக்கு இதற்குமேல் சொல்ல வேண்டியதில்லை. அடுத்து ஒரு வீட்டு வாசலில் ஒரு பெண் துணி காயப்போடுகிறாள். தூரத்தில் மோட்டார் சத்தம் வருகிறது, நெருங்குகிறது, நின்றுவிடுகிறது. ஆள் வரவில்லை. அவள் அடுத்த துணியை உதறுகிறாள். ஈரச்சேலை விலகினால் கேட்டுக்கு வெளியே ஹெல்மெட்டோடு அவன் நிற்கிறான். இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்க்கிறார்கள். பேச்சில்லை, இசையில்லை. அவன் கேட்டைத் திறந்து நடந்து வருகிறான். கேமரா தரையோடு தரையாக இருக்கிறது. அவன் காலில் போட்ட கறுப்பு சப்பாத்து மட்டும் தெரிகிறது. அது வாசற்படியைத் தாண்டி வீட்டுக்குள் போகிறது. கறுப்புத் திரை. படத்தின் பெயர்.

காகிதத்தில் பார்த்தபோது எனக்கே புல்லரித்தது.

சுங்கை சிப்புட்டுக்கு வெளியே ஒரு பழைய ரப்பர் தோட்டத்தில் என் நண்பனின் மாமா குடியிருந்த லயத்து வரிசை வீடு காலியாக இருந்தது. பால்மரம் போய் இப்போது நாலாபக்கமும் செம்பனை. நண்பன் செம்பனைக் குலை ஏற்றும் லோரி ஓட்டுகிறவன். ஆள் கதவு மாதிரி அகலம். சாவியும் அவனே கொடுத்து, கொலைகாரனாக நடிக்கவும் அவனே ஒத்துக்கொண்டான். "மூஞ்சி தெரியாது இல்ல? அப்ப ஓக்கே லா மச்சான்." அவன் கவலை அவனுக்கு.

கதாநாயகியாக நடிக்க வேண்டிய பெண் படப்பிடிப்புக்கு முந்தின நாள் செய்தி அனுப்பினாள். வேறு ஒரு நிகழ்ச்சிக்குப் போக வேண்டியிருக்கிறதாம், சாரி அண்ணா என்று இரண்டு கும்பிடு பொம்மை வேறு. தலையில் அடித்துக்கொண்டு என் அக்காவைக் கூப்பிட்டேன். அக்கா ஈப்போவில் எலெக்ட்ரானிக் தொழிற்சாலையில் வேலை செய்கிறாள். லீவு எடுப்பது அவளுக்குப் பல்லைப் பிடுங்குவது மாதிரி. "எனக்கு நடிப்பெல்லாம் வராதுடா" என்றாள். "நடிக்க வேணாம்க்கா. துணி காயப்போடு. பேசாம நில்லு. அவ்வளவுதான்." "பேசாம நிக்கத்தானே? அது வரும்" என்றாள்.

வரவில்லை.

முதல் டேக். மோட்டார் சத்தம் அருமையாக நின்றது. அக்கா சேலையை உதறினாள், விலக்கினாள். கேட்டில் நண்பன் ஹெல்மெட்டோடு மலை மாதிரி நின்றான். அக்கா அவனைப் பார்த்து, "வாங்க வாங்க, ஏன் அங்கேயே நிக்கிறீங்க?" என்றாள்.

"கட்! அக்கா, பேசக் கூடாதுன்னு சொன்னேன்ல?"

"ஐயோ, சாரிடா. தானா வந்துருச்சு."

இரண்டாவது டேக்கில் "வாங்க" மட்டும் சொன்னாள். அதற்கடுத்ததில் அதை முணுமுணுத்தாள். அதற்கும் அடுத்ததில் பல்லைக் கடித்துக்கொண்டு சொல்லாமல் தப்பித்தாள், ஆனால் கை தன்னால் போய் வாசலில் கிடந்த பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்துப் போட்டது. ஒரு தடவை பேசாமல் திரும்பி அடுப்படிக்கே போய்விட்டாள். கேமரா ஓடுகிறது, வாசலில் யாரும் இல்லை. "எங்கக்கா போற?" என்று கத்தினேன். "தண்ணி கொண்டாறேன்டா, வெயில்ல நிக்கிறாருல்ல" என்று உள்ளிருந்து குரல் வந்தது. கொலைகாரனுக்குத் தண்ணீர்! நல்லவேளை, பிஸ்கட்டுக்கு வீட்டில் வழியில்லை.

"அக்கா, அவன் உன்னக் கொல்ல வந்திருக்கான்."

"எனக்கு எப்படிடா தெரியும்? நீதானே சொன்ன, எனக்குத் தெரியக் கூடாதுன்னு. தெரியாத ஆளு வந்து கேட்டுல நின்னா வாங்கன்னு சொல்லாம மொறைச்சுப் பாப்பாங்களா? நல்லாவா இருக்கும்?"

எனக்கு வந்த கோபத்துக்கு அந்த நாற்காலியைத் தூக்கிச் செம்பனைக்குள் வீசியிருப்பேன். அவள் பேச்சில் நியாயம் இருந்ததுதான் இன்னும் கடுப்பைக் கிளப்பியது. கடைசியில் துணி மாட்டும் கிளிப் ஒன்றை எடுத்து, "இதைப் பல்லுல கவ்விக்க. கட் சொல்ற வரைக்கும் எடுக்காத" என்றேன். துணி காயப்போடும் பெண் வாயில் கிளிப் இருப்பது இயற்கைதானே? வாய் அடைபட்டது. ஒரு பிரச்சினை ஒழிந்தது என்று மூச்சு விட்டேன்.

உடனே அடுத்தது ஆரம்பித்தது. கேமராவைத் தரையில் வைத்து, நானும் மண்ணில் குப்புறப் படுத்துக்கொண்டேன். சப்பாத்து நடந்து வந்தது. கனமாக, நிதானமாக, நான் கேட்ட மாதிரியே. வாசற்படி வந்தது. நண்பன் நின்றான். ஒரு காலால் மறுகால் குதிகாலை அழுத்தி, சப்பாத்தைக் கழற்றிவிட்டு, வெறுங்காலோடு உள்ளே போனான்.

"டேய்!" என்று நான் போட்ட சத்தத்தில் பக்கத்து வீட்டுக் கோழி பறந்தது.

"என்னா மச்சான்?"

"சப்பாத்த ஏன்டா கழட்டுன?"

அவன் குனிந்து தன் காலைப் பார்த்தான். உண்மையாகவே அவனுக்கு அப்போதுதான் தெரிந்தது. "ஐயையோ, சாரி லா மச்சான். படி வந்தா கால் தானா கழட்டுது."

சரி, தெரியாமல் நடந்தது என்று விட்டேன். அடுத்த டேக்கிலும் கழற்றினான். அதற்கடுத்ததில் ஞாபகம் வைத்துக்கொண்டு சப்பாத்தோடு ஒரு காலை உள்ளே வைத்தான். வைத்தவுடன் முள்ளில் மிதித்தவன் மாதிரி காலைத் தூக்கிக்கொண்டு நொண்டினான். "முடியல மச்சான். உள்ள சாமி மேடை இருக்கு. மாமா பாத்தா என்னா சொல்லுவாரு?" மாமா இருப்பது பாரிட் புந்தாரில், மகள் வீட்டில். அங்கிருந்து அவர் எப்படிப் பார்ப்பார் என்று கேட்டேன். "அதுக்கில்ல லா" என்றான். எதற்கு என்று அவனுக்கும் சொல்லத் தெரியவில்லை.

"கொலை செய்ய வர்றவன் சப்பாத்தக் கழட்டி வச்சுட்டு வருவானாடா?"

"நம்ம ஆளுன்னா கழட்டுவான்" என்று அக்கா கிளிப்பை எடுத்துவிட்டுச் சொன்னாள். இரண்டு பேரும் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. என் தலைக்குமேல் மழை இருட்டிக்கொண்டு வந்தது. அக்காவுக்கு மறுநாள் வேலை. நண்பனின் லோரி மாலையில் குலை ஏற்றிக்கொண்டு ஆலைக்குப் போக வேண்டும். இந்த இரண்டு பேரையும் மறுபடி ஒரே நாளில் ஒரே இடத்தில் பிடிப்பது நடக்காத காரியம்.

முதல் துளி விழுகிற நேரத்தில் கடைசி டேக்கை எடுத்தேன். இந்த முறை இரண்டு கேமரா வைத்து, ஆரம்பத்திலிருந்து முடிவு வரை ஒரே ஓட்டமாக ஓடவிட்டேன். அக்கா கிளிப்பைக் கவ்விக்கொண்டு சேலையை விலக்கினாள். அவனைப் பார்த்தாள். பேச முடியாதல்லவா, அதனால் தலையை லேசாகச் சாய்த்து, வாங்க என்பதுபோல ஒரு அசைப்பு. அசைத்துவிட்டுத் தண்ணீர் எடுக்கத் திரும்பி, முதுகைக் காட்டிக்கொண்டு உள்ளே போனாள். சப்பாத்து நடந்து வந்தது. படியில் நின்றது. கழன்றது. நான் வாயைத் திறந்தேன், சத்தம் வரவில்லை. அவ்வளவு சோர்வு. அவன் குனிந்து இரண்டு சப்பாத்தையும் எடுத்து, ஜோடியாகச் சுவரோரம் வைத்துவிட்டு, வெறுங்காலோடு அவள் பின்னால் போனான். மழை கொட்டியது. போய்த் தொலையட்டும் என்று கேமராவை மூடினேன்.

இரண்டு நாள் அந்தப் பதிவுகளைத் திறக்கவே இல்லை. வயிற்றெரிச்சல். மூன்றாம் நாள் வேறு வழியில்லாமல் உட்கார்ந்து வெட்டி ஒட்ட ஆரம்பித்தேன். மற்ற டேக்குகளில் எதையும் உருப்படியாகச் சேர்க்க முடியவில்லை. நம்பர் பிளேட் ஷாட்டுக்குப் பின்னால் கடைசி டேக்கைப் போட்டேன். சப்பாத்து கழன்ற இடம் வந்தபோது என் கை தலையணையைப் பிடித்திருந்தது.

மறுபடி ஓட்டிப் பார்த்தேன். மறுபடியும் பிடித்தது. கேட்டை உடைத்துக்கொண்டு வருகிறவனைப் பார்த்தால் அவள் ஓடியிருப்பாள். இவன் மரியாதையாக வருகிறான். சப்பாத்தைக் கழற்றுகிறவனை நம் வீட்டில் யார் சந்தேகப்படுவார்கள்? கழற்றிவிட்டான் என்றால் அவசரமில்லை, ஆற அமர இருந்துவிட்டுத்தான் போவான். அதோடு வெறுங்காலுக்குச் சத்தம் கிடையாது. பின்னால் வருகிறான் என்று அவளுக்குக் கேட்காது. நம்பர் பிளேட்டில் துணி கட்டியதைப் பார்த்த நமக்குத்தான் தெரியும். சுவரோரம் ஜோடியாக இருக்கும் அந்தச் சப்பாத்தின் மேல் ஷாட்டை வெட்டாமல் ஓடவிட்டேன். மழை அதை நனைத்தது. உள்ளேயிருந்து ஒரு சத்தமும் வரவில்லை. எனக்கு நிஜமாகவே பயமாக இருந்தது.

கம்பெனிக்காரர் சொந்தக்காரர் விசேஷத்துக்காக ஈப்போ வந்தபோது என்னை ஒரு மாமாக் சாப்பாட்டுக் கடைக்கு வரச் சொன்னார். நான் லேப்டாப், பெரிய ஹெட்போன் எல்லாம் எடுத்துக்கொண்டு போனேன். "அதெல்லாம் வேணாம் தம்பி, வாட்ஸ்அப்புல அனுப்புங்க" என்றார். தன் போனைத் தே தாரே டீ கிளாசில் சாய்த்து வைத்தார். காட்சி ஓட ஆரம்பித்தது. எங்கள் தலைக்குமேல் பெரிய டிவியில் பந்து விளையாட்டு. பக்கத்து மேசையில் வீட்டுக்குக் கொண்டுபோகச் சாப்பாட்டை மூட்டை மூட்டையாகத் தப்பாவ் கட்டிக்கொண்டிருந்தார்கள். மோட்டார் சத்தம் நெருங்கி நிற்கும் இடத்துக்காக நான் எத்தனை பாடுபட்டேன்! ஒரு மண்ணும் கேட்கவில்லை. பாதியில் அவருக்குச் செய்தி வந்தது. அதற்குப் பதில் தட்டிக்கொண்டே பார்த்தார். எனக்கு அழுகை வரும் போலிருந்தது.

அப்போது கடைக்காரர், வயதான தமிழ் முஸ்லிம் அண்ணன், அடுத்த தே தாரேயைக் கொண்டுவந்து வைத்தார். வைத்த கை அப்படியே நின்றது. திரையில் நண்பன் குனிந்து சப்பாத்தை எடுத்துக்கொண்டிருந்தான். "அடப்பாவி, உள்ள போறானே!" என்றார் கடைக்காரர். "ஏம்மா, பின்னாடி பாரும்மா!" பக்கத்து மேசையில் இரண்டு பேர் எட்டிப் பார்த்தார்கள். கம்பெனிக்காரரும் தட்டுவதை நிறுத்திவிட்டார். கறுப்புத் திரை வரும்வரை அவர் கண்ணை எடுக்கவில்லை. கிடைத்துவிட்டது என்றே நினைத்தேன்.

"நல்லாருக்கு தம்பி" என்றார். "நல்லாவே இருக்கு. ஒண்ணே ஒண்ணு. அந்தச் சப்பாத்து கழட்டுறத வெட்டிடுங்க."

"அண்ணே?"

"கொலைகாரன் சப்பாத்தக் கழட்டுனா காமெடியாயிடும் லா. தோட்டத்து ஆளு மாதிரி. சனங்க சிரிப்பாங்க. சப்பாத்தோட டமால்னு உள்ள போகட்டும், ஒரு மியூசிக்கப் போடுங்க. இத மாத்துனா படம் உங்களுக்குத்தான். இப்பவே பேசிடலாம்."

கடைக்காரர் பயந்ததை அவரும் பார்த்தார். அவரே பயந்தார். அப்புறமும் சிரிப்பார்கள் என்கிறார்! சொல்ல வேண்டியது எல்லாம் நெஞ்சு வரை வந்து ஒன்றோடொன்று முட்டிக்கொண்டு நின்றது. வாயில் வந்தது ஒரே வார்த்தைதான்.

"முடியாதுண்ணே."

"என்னா தம்பி, ரெண்டு நிமிச வேலை."

"முடியாது."

அவர் மிச்சமிருந்த தே தாரேயைக் குடித்து முடித்தார். "சரி. உங்க இஷ்டம். எனக்கு இன்னும் ரெண்டு பேரு காட்டுறேன்னு சொல்லியிருக்காங்க" என்று சொல்லிப் போனைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு எழுந்தார். லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு நானும் எழுந்து வந்துவிட்டேன்.

காரில் ஏறிச் சாவியைப் போடுவதற்குள் அக்கா போன் போட்டாள். வேலை இடைவேளை போலிருக்கிறது, பின்னால் ஒரே இரைச்சல்.

"என்னாடா ஆச்சு?"

"கிடைக்கல."

"என்னாலதானே? வாங்க வாங்கன்னு சொல்லிக் கெடுத்துட்டேன். அந்தப் பொண்ணே வந்திருந்தா நல்லா செஞ்சிருக்கும்" என்றாள்.

"உன்னால இல்லக்கா. சப்பாத்து கழட்டுறத வெட்டுனா படம் தாரேன்னாரு. நான் முடியாதுன்னுட்டேன்."

"என்னாது?" இரைச்சலையும் மீறிக் கத்தினாள். "ஒனக்குப் பைத்தியமாடா? நான் லீவு போட்டு, வெயில்ல காஞ்சு, வாயில கிளிப்பக் கவ்விக்கிட்டு நின்னது எதுக்கு? எத்தன வருசமா படம் படம்னு உயிர வாங்குன! போயும் போயும் ஒரு சப்பாத்துக்கா விட்டுட்டு வந்த?"

"அக்கா, கேளு" என்று நானும் கத்தினேன். "அந்த சீன்ல இருக்கிற எல்லாம் நான் எங்கயோ பாத்துட்டு வந்து வச்சது. கேமரா தரையில இருக்கிறது, மூஞ்சிய மறைக்கிறது, சத்தத்த மொதல்ல விடுறது, எல்லாம் எவன் எவனோ ஏற்கெனவே செஞ்சது. நீ தலையாட்டி வாங்கன்னதும் அவன் சப்பாத்தக் கழட்டுனதும்தான் நம்ம வீட்டுல நடக்கிறது. அத வேற எவனும் எடுத்திருக்க மாட்டான். அதையும் வெட்டிட்டா அந்தப் படத்த நான் எதுக்குக்கா எடுக்கணும்? யாரு வேணும்னாலும் எடுக்கலாமே!"

போனைக் காதோடு அழுத்திக்கொண்டேன். அழுகிறாளோ என்று நினைத்தேன்.

"இத அந்த ஆளுகிட்ட சொன்னியா?" என்றாள்.

"சொல்லல."

"சொல்லியிருந்தா கேட்டிருப்பாரோ என்னமோ" என்றாள் மெதுவாக. மணி அடித்துவிட்டது, உள்ளே போகணும் என்று வைத்துவிட்டாள்.

நான் காரிலிருந்து இறங்கி, கடைக்குக் கிட்டத்தட்ட ஓடினேன். மேசையைத் துடைத்துவிட்டிருந்தார்கள், கம்பெனிக்காரர் இல்லை. கடை முன்னால் ஐந்தடி நடைபாதையில் நின்றுகொண்டு அவருக்குப் போன் போட்டேன். மணி அடித்தது, எடுக்கவில்லை. சொல்ல வேண்டியதை மனதுக்குள் ஒழுங்காக அடுக்கிக்கொண்டு மறுபடி போட்டேன். இத்தனை நாளாகப் போட்டுக்கொண்டிருக்கிறேன், அவர் எடுக்கவே இல்லை.